நெஞ்சுக்கு ஒரு சோடா

பதினைந்து வயதில் எனக்கு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு ரப்பர் மரம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். அப்பாவிடம் சொன்னேன்.

"வாயு பாப்பா. வெறும் வயித்தோட வேலைக்குப் போனா வாயு நெஞ்சுல ஏறாதா?"

வெறும் வயிறு என்னவோ உண்மைதான். அது மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோக முடியாது. வேலை முடிந்து திரும்பினால்தான் சாப்பாடு.

வாயுவுக்கு மருந்து சோடா. எங்கள் தோட்டத்தில் இதற்கு மறுபேச்சே கிடையாது. சாயங்காலமானால் அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப்போய் ஆரஞ்சு கலர் சோடா வாங்கித் தருவார். மூடி திறக்காத போத்தல் கடையை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து குடிக்க வேண்டும். குடித்து முடிக்கும்வரை அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏப்பம் வந்துச்சா?"

வந்துவிட்டால் போதும், அவருக்கு உயிர் வந்துவிடும். "பாத்தியா, வாயுதான்." கடையில் நிற்பவர்களும் தலையாட்டுவார்கள். பெரிய வைத்தியர்கள்! ஏப்பம் வந்த பிறகும் என் நெஞ்சு அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டுதான் இருக்கும். சோடா குடித்தால் கொஞ்சம் கூடுதலாகவே அடிப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

பிறகு அப்பா வேலிக் காவலுக்குப் போய்விடுவார். அம்மா இறந்துவிட்டாள். அக்கா லிங்கிப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள். ஊரடங்குக் காலத்தில் நினைத்தபடி வந்துபோக முடியாது. வீட்டில் நானும் அந்தப் படபடப்பும்தான். சீக்கிரம் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அதை யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்து வீட்டில் சொன்னால் அவர்களும் சோடா குடி என்பார்கள்.

காலையில் வேலிக் கதவில் சோதனை நடக்கும். பெண்களைத் தடவிப் பார்க்க பக்கத்தில் ராசா என்ற ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் வருவாள். கொண்டை, பாவாடை மடிப்பு எதையும் விடமாட்டாள். எங்களுக்கெல்லாம் அவளைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் அவள் கை என் ரவிக்கைமேல் நின்றுவிட்டது.

"அரிசியை எங்கடி வச்சிருக்க?"

"இல்லக்கா."

"பின்ன ஏன் இப்படி அடிச்சுக்குது? திருட்டு முழி வேற."

தட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய் ரவிக்கையை அவிழ்க்கச் சொன்னாள். உதறிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நான் அவமானத்தில் அழுதேன். அவள் மறுபடி என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். இந்த முறை எடுக்கவில்லை.

"எப்பவும் இப்படித்தானா?"

"ஆமாக்கா. வாயு."

"வாயு இப்படி அடிக்காது லா." குரல் மாறிவிட்டது. "ஒங்கப்பா எங்க?"

அம்மா போனபின் என்னை யாரும் அப்படித் தொட்டதில்லை. கொஞ்ச நேரம் அவள் கையை எடுக்காமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

அவள் போட்ட சத்தத்தில்தான் அப்பா என்னைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். அவர் சொன்னதைத் தாதி தமிழில் எங்களுக்குச் சொன்னாள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சலில் கிடந்தேனே, அப்போதே இருதய வால்வு கெட்டுவிட்டதாம். இனி மரம் சீவக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மருந்து தவறக் கூடாது. அப்பா கைகட்டிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தெனம் சோடா குடுத்தேம்மா. அதனாலயா?"

"அதனால வரல. ஆனா அது மருந்தும் இல்ல. விட்டுடுங்க."

அன்று சாயங்காலம் நாங்கள் கடைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வேலைவிட்டு வருவார், வாசலில் நின்று என்னைப் பார்ப்பார், பிறகு காவலுக்குக் கிளம்பிவிடுவார். ஏப்பம் வந்ததா என்று கேட்டவருக்கு இருதயத்தைப் பற்றிக் கேட்கப் பயம். என்ன பதில் வருமோ என்ற பயம்.

நான் பிழைத்தேன், கல்யாணம் செய்தேன், பிள்ளையும் பெற்றேன். அப்பா கண்ணை மூடும்வரை என் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லாத்தான் இருக்குப்பா என்று சொல்ல, அவர் எதிரில் எத்தனையோ சாயங்காலம் காத்து உட்கார்ந்திருக்கிறேன்.