மாடிக்காரி பேசிக்கொடுத்த பேச்சு

துணி காயப்போடும் நைலான் கயிறு இருக்கிறதல்லவா, அதில் முழத்துக்கு ஒரு கண்ணி போட்டு, கண்ணிக்கு ஒரு பிள்ளையைப் பிடிக்கவைத்து, பாஷை தெரியாத ஊரின் ரோடு, பஸ், ரயில் எல்லாவற்றையும் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறவளுக்குக் கயிறக்கா என்று பேர் வராமல் வேறென்ன வரும்? அவள் புருஷன்கூட வேலையிலிருந்து போன் செய்தால், "என்ன கயிறக்கா, எல்லாரும் முழுசா வீடு வந்து சேர்ந்தாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பான். குளிர்பதனக் கிடங்கில் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன் அவன். நாளெல்லாம் பனிக்குள் நின்றாலும் நக்கல் மட்டும் உறையவில்லை.

முதலில் தன் மகளை மட்டும்தான் கூட்டிப்போனாள். அதே கட்டடத்தில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்கு ஓடுகிற வீடுகள் இருந்தன. ஒருத்தி வந்து, "அக்கா, நம்ம பையனையும் சேர்த்துக்கங்களேன்" என்றாள். அப்புறம் இன்னொருத்தி. இப்படியே ஆறு பிள்ளைகள் ஆகிவிட்டன. எல்லாம் நம் பாஷை பேசும் வீட்டுப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பெரிய ஜங்ஷனில் ரயில் மாறவேண்டும். பெரியவர்களுக்கே தலை சுற்றுகிற இடம் அது.

அவள் பாடம் நடத்துகிற அழகே தனி. சிக்னலில் நின்றுகொண்டு, "சிவப்பு மனுசன் நின்னா நாமளும் நிக்கணும். பச்சை மனுசன் நடந்தா உடனே ஓடக்கூடாது, ரெண்டு பக்கமும் பாக்கணும். அவனுக்கென்ன, அவன் கண்ணாடிக்குள்ள நடக்கறான், அவனை எந்த லாரி இடிக்கும்?" என்பாள். பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரிக்கும். ரயில் கதவு நடுவில் மூடிக்கொண்டால் வெளியே நிற்கிறவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும், உள்ளே மாட்டினவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நிற்கவேண்டும். "ஒண்ணுக்கு வந்தாலும் அசையக்கூடாது. நான் வந்தே தீருவேன்." இதைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்.

இதே கயிற்றின் கடைசிக் கண்ணியை ஒரு காலத்தில் ஒரு பொம்பளையும் பிடித்துக்கொண்டு வந்தாள் என்றால் நம்புவீர்களா? அவள்தான் மாடிக்காரி. கயிறக்கா வீட்டுக்கு நேர் மேலே குடிவந்தவள். வந்த புதிதில் நகரும் படியில் கால் வைக்கப் பயம், ரோட்டைத் தாண்டப் பயம், கடைக்காரன் எதையாவது கேட்டுவிடுவானோ என்று ரொட்டி வாங்கக்கூடப் பயம். தன் பையனைக் கூட்டிக்கொண்டு கயிறக்காவோடு பள்ளிக்கூடம் வந்தாள். கூட்டத்தில் தொலைந்துவிடுவோமோ என்று பதறி, பிள்ளைகளோடு பிள்ளையாகக் கண்ணியைப் பிடித்துக்கொண்டாள். குட்டிகள் வாயைப் பொத்திச் சிரித்தன. கயிறக்கா முறைத்ததும் கப்சிப்.

ஒரே வாரத்தில் கண்ணியை விட்டாள். நாளாக ஆகத் தனியாகப் போய்வரக் கற்றுக்கொண்டாள். பாஷை வகுப்பில் சேர்ந்தாள். அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அவள் பையன் கயிறக்கா வீட்டுச் சோபாவில்தான் தூங்கினான். வாலு என்று அவனுக்குப் பேர் வைத்ததும் அந்த வீட்டில்தான். அம்மா இவளை அக்கா என்று கூப்பிடுவதால் அவனுக்கு இவள் பெரியம்மா. வாலுவுக்குக் காய்ச்சல் என்றால் இவள்தான் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், காலணி கடித்தால் இவள்தான் பஞ்சு வைப்பாள்.

மாடிக்காரிக்கு ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தது. நாக்கு அப்படிப் புரள ஆரம்பித்தது! கயிறக்காவுக்கோ அந்த பாஷையில் நாலு வார்த்தை, நாலு நம்பர், அவ்வளவுதான். டாக்டர் வீடு, பள்ளிக்கூட மீட்டிங், வீட்டு ஓனர், எங்கே போனாலும் கூடவே மாடிக்காரிதான். "நீங்க சும்மா உக்காருங்கக்கா, நான் பேசிக்கறேன்" என்பாள். கயிறக்காவும் சும்மா உட்காருவாள். வெறும் உட்காரல் இல்லை, பெருமையோடு உட்காருவாள். "என் தங்கச்சி பேச ஆரம்பிச்சா ஊர்க்காரியே தோத்துப்போவா" என்று புருஷனிடம் அளப்பாள். "நீயும் ரெண்டு வார்த்தை கத்துக்கக் கூடாதா?" என்று அவன் கேட்டால், "எனக்கெதுக்கு? அவ வாய் இருக்கு" என்பாள். வாயை இரவல் வாங்கிப் பிழைத்தவள் என்னவானாள் என்பதுதான் மிச்சக் கதை.

அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பி வரும்போது அந்த ஜங்ஷனில் இறங்கினார்கள். வாலு முதலில் குதித்துக் கயிறக்காவுக்குப் பின்னால் முதல் கண்ணியைப் பிடித்துக்கொண்டான். இவள் கதவுப் பக்கம் திரும்பி, மற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கினாள். மகள் கடைக்குட்டியின் பையை வாங்கிக்கொண்டிருந்தாள். கதவு மூடியது, ரயில் கிளம்பியது, இவள் திரும்பினாள். முதல் கண்ணி காலியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மற்ற ஐந்து பேரையும் ஒரு தூணடியில் உட்காரவைத்து, கயிற்றின் இரண்டு முனையையும் மகள் கையில் கொடுத்தாள். "யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்கக் கூடாது!" என்று சொல்லிவிட்டு அந்தக் கூட்டத்துக்குள் விழுந்தடித்து ஓடினாள். "வாலு! டேய் வாலு!" தண்டவாளத்தை எட்டிப் பார்த்தாள். நகரும் படியில் ஏறி இறங்கினாள். கழிப்பறைக் கதவையெல்லாம் தட்டினாள். மாடிக்காரிக்குப் போன் அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள், எடுக்கவே இல்லை. சீருடை போட்ட ஒரு ஸ்டேஷன்காரியின் கையைப் பிடித்து இழுத்து வந்து மகளின் முன்னால் நிறுத்த, மகள்தான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். மைக்கில் அறிவிப்பு ஓடியது. இரண்டு ரயிலை நிறுத்திவைத்தார்கள். போலீசுக்குப் போன் போயிற்று.

தொலைந்த சாமான்களை வைக்கிற அறையில் இவர்களை உட்காரவைத்தார்கள். அலமாரி முழுக்க யார் யாரோ விட்டுப்போன குடைகள். கயிறக்கா பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பையனை எவனோ கூட்டிப் போய்விட்டான்.

கதவு திறந்தது. மாடிக்காரி மூச்சிரைக்க நின்றாள். கையில் வாலு. தலையில் புத்தம்புதுக் கிராப்பு, கழுத்தெல்லாம் பவுடர்.

"ஐயோ அக்கா, மன்னிச்சிடுங்க! கடையில சீக்கிரம் விட்டுட்டாங்க. உங்களைப் பாத்துட்டு அங்கேருந்தே கை காட்டினேன், நீங்களும் பாத்தீங்கன்னு நினைச்சிட்டேன். நாளைக்கு வகுப்பு போட்டோ, முடி வெட்டிடலாம்னு இழுத்துட்டுப் போயிட்டேன். போன் பைக்குள்ள கிடந்துச்சு, சத்தமே கேக்கலை. இப்பத்தான் எடுத்துப் பாத்துட்டு ஓடி வர்றேன்."

கயிறக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பையனைக் கட்டிக்கொண்டு அழுதாள். முதுகில் ஒன்று வைத்தாள், மறுபடி கட்டிக்கொண்டாள். "ஏண்டி எருமை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா? செத்துப் பொழைச்சேன்டி!" என்று திட்டினாள். திட்டும்போதே கோபமும் போய்விட்டது. பிள்ளை கிடைத்துவிட்டானே, அப்புறமென்ன கோபம்?

போலீஸ் அதிகாரி உள்ளே வந்தார். மாடிக்காரியின் முகம் ஒரு நொடி வெளுத்ததைக் கயிறக்கா பார்த்தாள். பயந்த சுபாவம்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்கக்கா, நான் பேசிக்கறேன்."

பேசினாள். சரளமாகப் பேசினாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதிகாரி தலையாட்டிக் கேட்டுவிட்டுக் கயிறக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை கிடைத்த வீட்டுக்காரர்களைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. அவர் ஏதோ கேட்டார்.

"எத்தனை வருசமா இந்த வேலை செய்யறீங்கன்னு கேக்கறார்" என்றாள் மாடிக்காரி.

கயிறக்கா வாயைத் திறப்பதற்குள் மகள் அவள் புடவைத் தலைப்பை இழுத்தாள். "அம்மா, அவர் அதைக் கேக்கலை. பையன் கையை எப்ப விட்டீங்க, உங்களுக்கு எப்பத்தான் தெரிஞ்சுதுன்னு கேக்கறார். சித்தி வேற என்னமோ சொல்லிட்டாங்கம்மா. வாலு தனியா வெளிவாசல்ல அழுதுட்டு நின்னானாம். வேலை முடிஞ்சு வந்த சித்தி தற்செயலாப் பாத்தாங்களாம்."

கயிறக்கா மாடிக்காரியைப் பார்த்தாள். மாடிக்காரி குடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்க்கா. இப்ப எதுவும் சொல்லாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

காலில் விழுகிறவள் கழுத்தில் கத்தி வைப்பாளா? கயிறக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். "நீ சொல்லுடி. நடந்தது நடந்தபடி சொல்லு" என்றாள் மகளிடம்.

மகள் சொன்னாள். இரண்டாம் வகுப்புக் குழந்தைதான் அது. முடி, பவுடர், கை காட்டியது, எல்லாவற்றையும் விரல் நீட்டி நீட்டிச் சொன்னது. அதிகாரி கேட்டுக்கொண்டார். மாடிக்காரியிடம் திரும்பினார். அவள் முடி வெட்டியது காலையில் என்றாள், இந்தச் சின்னப்பெண் அம்மாவுக்காகப் பேசுகிறது என்றாள். அதிகாரி பெருமூச்சு விட்டு, வாலுவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து மெதுவாக ஏதோ கேட்டார். உன்னை யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதைத்தான் கேட்டார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

கயிறக்காவுக்கு நிம்மதி வந்தது. அவள் வளர்த்த பிள்ளை அவன். யாராவது கூட்டிப்போனால் மறைக்காமல் சொல்லவேண்டும், யார் மிரட்டினாலும் சொல்லவேண்டும் என்று அவனுக்கு ஊட்டி ஊட்டிச் சொன்னவளே இவள்தான்.

வாலு அம்மாவை நிமிர்ந்து பார்த்தான். மாடிக்காரி கண்ணைக்கூடக் காட்டவில்லை. அவன் தோளில் இருந்த கை மட்டும் கொஞ்சம் இறுகியது. அவன் ஏதோ முணுமுணுத்தான்.

"என்னடி சொல்றான்?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவனா தான் போனானாம்மா."

அப்புறம் எல்லாம் அன்றைக்கு ராத்திரிக்குள்ளேயே விரசாக நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு விஷயம் போயிற்று. இனிமேல் தன் மகளைத் தவிர வேறு பிள்ளையைக் கயிறக்கா வாசலிலிருந்து அழைத்துப்போகக் கூடாது என்றார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். ஒருத்திக்கு ஆபீஸ் நேரம் மாறிவிட்டதாம், ஒருத்தியின் மாமியார் வருகிறாராம். "உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லக்கா" என்று எல்லாரும் சொன்னார்கள். நம்பிக்கை இருக்கிறவர்கள் அதைச் சொல்லிக்கொண்டா இருப்பார்கள்? புருஷன் வந்து கேட்டுவிட்டு நக்கலே அடிக்கவில்லை. அதுதான் அவளை அழவைத்தது.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு மாடி ஏறினாள். மாடிக்காரி கதவுச் சங்கிலியை எடுக்காமல் எட்டிப் பார்த்து, அப்புறம் எடுத்தாள்.

"என்னைத் திட்டுங்கக்கா, அடிங்க. எனக்கு வேற வழி தெரியலை. போன மாசம் அவனை வீட்டுல தனியா விட்டுட்டுப் போனதுக்கே பிள்ளைங்களைப் பாத்துக்கற அரசாங்க ஆபீஸ்ல எச்சரிக்கை குடுத்திருக்காங்க. என்னாலதான் ரயில் நின்னுச்சு, போலீஸ் வந்துச்சுன்னு இன்னொண்ணும் வந்தா பிள்ளையையே எடுத்துக்குவாங்களோன்னு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. உங்களுக்குன்னா திட்டிட்டு விட்டுடுவாங்க. நீங்க தாங்குவீங்க."

"நான் தாங்குவேன்னு நீ முடிவு பண்ணிட்டியா? நல்லா இருக்குடி உன் நியாயம். வளர்த்த கடா மாருல பாயும்னு சொல்லுவாங்க, எனக்குத் தெரியாமலா இருக்கு? அது போகட்டும். என் பேரு நாறிப்போனதுக்கு நான் வரலை." கயிறக்கா ஓரடி உள்ளே வந்தாள். "நாளைக்கு எவனாவது உன் பிள்ளையை நிஜமாவே தூக்கிட்டுப் போயி, போலீஸ் வந்து யாருடா கூட்டிட்டுப் போனாங்கன்னு கேட்டா, அவன் என்னடி சொல்லுவான்?"

"ஐயோ, அது போலீஸ்கிட்ட சொன்னதுக்கா. நம்மகிட்ட அப்படியா சொல்லுவான்? குழந்தைதானே, அதுக்குள்ள மறந்திருப்பான்."

"கூப்பிடு."

வாலு பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு வந்தான். பெரியம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கயிறக்கா குனிந்து, வாய் ஓரத்தில் ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டாள்.

"கண்ணு, இங்க போலீசும் இல்லை ஒண்ணும் இல்லை. பெரியம்மாவும் அம்மாவும்தான். இன்னைக்கு ஸ்டேஷன்ல உன்னை யாருடா கூட்டிட்டுப் போனாங்க?"

வாலு அம்மாவைப் பார்த்தான்.

"நானா தான் போனேன் பெரியம்மா."

"டேய்," என்றாள் மாடிக்காரி, சிரிக்கப் பார்த்தாள். "பெரியம்மாகிட்ட சொல்லலாம்டா. அம்மாதானே கூட்டிட்டுப் போனேன்? முடி வெட்டினோமே?"

"இல்ல. நானா தான் போனேன்."

கயிறக்கா படியிறங்க ஆரம்பித்தாள். மாடிக்காரி மண்டிபோட்டு உட்கார்ந்து, பையனின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி, சொல்லுடா, நிஜத்தைச் சொல்லுடா என்று மறுபடி மறுபடி கேட்டாள். அவன் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்வது கீழ்வீடு வரைக்கும் கேட்டது.