எனக்கும் சேர்த்து ஒரு தழை

"என்னப்பு, சாமி ஏதாச்சும் கெடைச்சுதா?"

போன செவ்வாய்க்கிழமை போடி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் மாயாண்டி அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். வேலை ஏதாவது கிடைத்ததா, பெண் ஏதாவது அமைந்ததா என்று விசாரிப்பார்களே... அதே குரல்.

"இன்னும் இல்லண்ணே."

"தேடவாச்சும் செய்றியா?"

"இல்லண்ணே."

"சரி, டீயைக் குடி. ஆறுது."

மாயாண்டி அண்ணன் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர். மலைக்கு லோடு தூக்கும் கூட்டத்துக்குத் தலைவர். ரோட்டை விட்டுத் தள்ளியிருக்கும் ஏலத்தோட்டங்களுக்கு லாரியும் வராது, ஜீப்பும் வராது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், ஆணி, சோப்பு — எல்லாம் ஆள் தலையில்தான் ஏற வேண்டும். இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். வேறு வேலை இல்லாத நாட்களில் இப்போதும் போய் ஒட்டிக்கொள்வேன்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்கு என் சங்கதி தெரியும். அப்பா எங்கள் ஊர் சர்ச்சில் மணி அடித்தவர். நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியவன். மதுரையில் மாவாட்டினேன். தூத்துக்குடியில் உப்பு அள்ளினேன். போடிக்கு வந்ததற்கு ஒரே காரணம், பஸ் அன்றைக்கு அதற்குமேல் போகாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டதுதான்.

ஓடிய ஊரிலெல்லாம் ஒன்று மட்டும் கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்.

போடியில் என்னை சர்ச்சுக்குக் கூட்டிப்போனவர் தவமணி அண்ணன். அவரும் லோடு தூக்குகிறவர்தான். ஞாயிறு ஆராதனை முடிந்தால் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவர் மனைவி ராகேல் மதினி ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறவர். குழம்பில் மீன் குறைவாக இருந்தால் என் தட்டுக்கு முதலில் வரும். இது ஏன் என்று இருவரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஒரு மழைக்காலத்தில் மேலே தோட்டத்திலேயே எனக்கும் தவமணி அண்ணனுக்கும் ஒரே நாளில் மலைக்காய்ச்சல் வந்தது. கீழே தூக்கிவர வழியில்லை. ஏலக்காய் உலர்த்தும் அறை ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் ஆளுக்கொரு சாக்கை விரித்துப் படுக்கப் போட்டார்கள். சுவரெல்லாம் ஏலக்காய் வாசம். இன்றைக்கும் யாராவது பாயசம் கொடுத்தால் எனக்குக் குளிர் ஜுரம்தான் ஞாபகம் வரும்.

தோட்டத்துக் கம்பவுண்டர் தினமும் இரண்டு வேளை வந்து கொயினா மருந்து கொடுத்தார். அதே புட்டி. அதே கரண்டி.

தவமணி அண்ணன் ஜெபம் செய்தார். எனக்கு அதற்குத் தெம்பில்லை. "ஆண்டவரே, இந்தத் தம்பியைக் காப்பாத்தும். என்னையும் காப்பாத்தும். எனக்குப் புள்ளகுட்டி இருக்கு." இவ்வளவுதான் ஜெபம். இதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

ஆறாம் நாள் காலையில் எனக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டேன். கஞ்சி வருவதற்குள் அவர் போய்விட்டார்.

பிழைத்து எழுந்தவர்கள் சர்ச்சில் சாட்சி சொல்ல வேண்டும் என்பது எங்களில் வழக்கம். ஆராதனைக்கு நடுவே ஐயர் கூப்பிடுவார்; பாதிரியாரை நாங்கள் ஐயர் என்போம். எழுந்து நின்று, இன்ன கஷ்டத்தில் இருந்தேன், கர்த்தர் என்னைக் காப்பாற்றினார் என்று நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டும். கையில் ஒரு காணிக்கையும் இருக்க வேண்டும். தேங்காய், பூசணிக்காய், கோழி... ஆராதனை முடிந்ததும் அதை வாசலில் ஏலம் விடுவார்கள்.

நான் ஒரு வெடைக்கோழி கொண்டுபோனேன்.

ஐயர் முதலில் பிரசங்கத்திலேயே எடுத்துக் கொடுத்துவிட்டார். "நம்முடைய சகோதரன் தவமணி சாகிற நேரத்திலும் இந்தத் தம்பிக்காக ஜெபித்தார். அந்த ஜெபம் கேட்கப்பட்டது."

எல்லாரும் தலையாட்டினார்கள். முன்வரிசையில் ராகேல் மதினி உட்கார்ந்திருந்தார். அவர் தலை ஆடவில்லை. மடியில் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழுந்து நின்றேன். சொல்ல வேண்டியது எனக்கு மனப்பாடம். சின்ன வயதிலிருந்து எத்தனை சாட்சி கேட்டிருப்பேன்? ஆனால் மதினி என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கர்த்தர் என்னைக் காப்பாற்றினார்' என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அப்படியானால் பக்கத்துச் சாக்கில் படுத்திருந்தவரை என்ன செய்தார்?

"தவமணி அண்ணே எனக்காகவும் ஜெபம் பண்ணுனாரு. அவருக்காகவும் ஜெபம் பண்ணுனாரு," என்றேன். "நான் பொழைச்சிட்டேன். அவரு செத்துட்டாரு. ரெண்டு பேருக்கும் ஒரே கொயினாதான். எனக்குக் கேட்டுச்சு, அவருக்குக் கேக்கலை. எனக்கு வேற ஒண்ணும் தெரியலைங்க."

உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஒருவர் பழக்க தோஷத்தில் "அல்லேலூயா" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் ஒரு சிக்கல். கோழியை என்ன செய்வது? ஏலம் விடும் பெரியவர் கோழியைக் கையில் பிடித்துக்கொண்டு ஐயரைப் பார்த்தார். "ஐயரே, இதைச் சாட்சிக் கணக்குல சேக்குறதா?" ஐயர் யோசித்தார். "அந்தத் தம்பிகிட்டயே குடுத்துருங்க," என்றார். கோழியோடு நான் வாசலைத் தாண்டியபோது ராகேல் மதினி கூப்பிட்டார்.

"தம்பி, அவரைக் கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நான் தெனமும் எந்திரிச்சு சோலிக்குப் போறேன். நீ வந்து கொயினா ஒருத்தருக்குக் கேட்டுச்சு, ஒருத்தருக்குக் கேக்கலைன்னு சொல்லுற. இனி நான் எதைப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கிறது?"

கோபமாகக் கேட்கவில்லை. விலை கேட்பது போலக் கேட்டார். பதில் இருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

என்னிடம் கோழிதான் இருந்தது. கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கடவுள் இல்லை என்று உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இடி எதுவும் இடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வழக்கம்போல மணி அடித்தது. எழுந்து முகம் கழுவினேன். நல்ல சட்டையை எடுத்துப் போட்டேன். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சட்டையைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டேன். அவ்வளவுதான்.

ஜெபம் செய்யும் பழக்கம் மட்டும் இன்னும் சில வாரம் இருந்தது. வாயைத் திறந்தால், காலி செய்துபோன வீட்டு வாசலில் நின்று ஆள் கூப்பிடுவது போல இருந்தது. எத்தனை நாள் கூப்பிடுவது?

முறையாகச் சொல்லிவிட்டு விலகலாம் என்று ஐயரைப் போய்ப் பார்த்தேன். பெயரை அடித்துவிடுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர். அலமாரியைத் திறந்து காட்டினார்.

"ஞானஸ்நானத்துக்கு ஒரு புஸ்தகம் இருக்கு தம்பி. கல்யாணத்துக்கு ஒண்ணு. அடக்கத்துக்கு ஒண்ணு. விலகுறதுக்குன்னு புஸ்தகம் இல்லை. நான் எதுல எழுதுறது?"

"அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"சும்மா இரு. மூணாவது புஸ்தகத்துக்கு எப்படியும் ஆள் தேடி வருவோம்."

சர்ச்சில் இவ்வளவு சுலபமாக முடிந்தது. மலையடிவாரத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கல் இருக்கிறது. உருவம் கிடையாது, பெயரும் கிடையாது. லோடு ஏற்றுபவர்கள் ஆளுக்கொரு பச்சைத் தழையை ஒடித்து அதன்மேல் வைத்து, 'போய்ட்டு வர்றோம்' என்று மலையிடம் சொல்லிவிட்டுத்தான் ஏறுவார்கள். கூட்டத்தில் ஒரு ராவுத்தர் உண்டு. அவர் தழை வைக்கமாட்டார், பிஸ்மி சொல்லி ஏறுவார். தவமணி அண்ணனும் நானும் தலைத்துண்டை எடுத்துவிட்டுக் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம். யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. அவரவர் சாமிக்கு அவரவர் சொல்லிவிட்டால் கூட்டம் கிளம்பும்.

காய்ச்சலுக்குப் பிறகு முதல் லோடு. எல்லாரும் சொல்லி முடித்தாயிற்று. நான் சும்மா நின்றேன்.

"என்னப்பு, வெரசா சொல்லிட்டு வா," என்றார் மாயாண்டி அண்ணன்.

"நான் விட்டுட்டேண்ணே."

"ஏசுவ விட்டுட்டியா? சரி, அது உன் சோலி. தழையை ஒடி."

"அதுவும் இல்லண்ணே."

"ராவுத்தரே, உங்க ஆளா இவன்?"

"எங்ககிட்ட வரலை," என்றார் ராவுத்தர்.

மாயாண்டி அண்ணன் மூட்டையை இறக்கிவைத்தார். "எந்தச் சாமின்னு நான் கேக்கலை. யாராச்சும் ஒருத்தருக்குச் சொல்லிட்டு ஏறு. யாருமே இல்லாத ஆளோட எப்படிப்பா ஏறுறது? நாளைக்கு உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்க யார்கிட்டப் போய்ச் சண்டை போடுறது?"

நியாயமான கேள்விதான்.

ஒரு தழையை ஒடித்து வைத்திருக்கலாம். அரை நிமிஷ வேலை. வயிற்றுப்பாடு அந்தக் கல்லில் இருந்தது, எனக்கு அது தெரியாமலில்லை. ஆனால் சர்ச்சில் பொய் சொல்லக்கூடாது என்று ஒரு பெண்ணின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன். இங்கே ஒரு கல்லிடம் பொய் சொல்லிப் பிழைத்தால் அந்த மதினிக்கு நான் என்ன மரியாதை செய்தேன்?

கூட்டம் என்னை விட்டுவிட்டு ஏறியது.

மறுநாளும் போய் நின்றேன். மறுநாளும் விட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு மறுநாளும் அப்படியே. அந்த மூன்று நாளில் கோழியைத் தின்றுவிட்டேன்.

நாலாம் நாள் இரண்டு ஆள் வரவில்லை. தோட்டத்தில் அரிசி தீர்ந்துபோனதாக ஆள்விட்டிருந்தார்கள். மாயாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். பிறகு போய் இரண்டு தழை ஒடித்தார்.

"இது எனக்கு," என்று ஒன்றை வைத்தார். "இது இந்த மடப்பயலுக்கு. இவனுக்கு ஒண்ணும் தெரியாது. கண்டுக்கிடாத." கல்லிடம்தான் சொன்னார்.

என்னைத் திரும்பிப் பார்த்து, "தூக்கு," என்றார்.

அன்றிலிருந்து நான் ஏறும் நாளெல்லாம் இரண்டு தழை. ஒரு நாள்கூட மறந்ததில்லை. என்னை மாற்ற முயன்றதும் இல்லை. அவருக்கு அது லோடு கட்டும்போது கூடுதலாக ஒரு முடிச்சுப் போடுவது மாதிரி.

இடையில் ஒரு நாள் கடவுள் மறுப்புக் கூட்டம் நடத்தப் போடிக்கு வந்தவர்கள் என்னைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தேடிவந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி. என்னைப் போலவே யோசிக்கிற நாலு பேர்... அவர்கள் பேசியதில் முக்கால்வாசி எனக்குச் சரியாகவே பட்டது. கடைசியில் ஒருவர் சொன்னார். "தோழரே, நீங்க மேடையில ஏறி, எப்படி விட்டு வெளிய வந்தீங்கன்னு நாலு பேர் கேக்கச் சொல்லணும்."

அவர்களுக்கும் ஒரு சாட்சி வேண்டியிருந்தது!

மாட்டேன் என்றேன். பயமா என்று கேட்டார்கள். முன்வரிசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியாதே என்றேன். அவர்களுக்குப் புரிந்திருக்காது. உங்களுக்குப் புரியும்.

சரி, சாமி இல்லாமல் எதை நம்பித்தான் இருக்கிறாய் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காய்ச்சல் வந்தால் கொயினா. கொயினா கேட்காவிட்டால் பக்கத்தில் ஒரு ஆள். பக்கத்து ஆளும் படுத்துவிட்டால்... அதற்குமேல் எனக்கு இன்னும் யோசனை ஓடவில்லை. ஓடினால் எழுதுகிறேன்.

ராகேல் மதினி இன்னும் சர்ச்சுக்குப் போகிறார். அதே முன்வரிசை. கடைவீதியில் பார்த்தால் "சாப்பிட்டியா தம்பி?" என்பார். அதற்குமேல் பேசியதில்லை. அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் கொண்டுபோகவில்லை.

டீக்கடைக்குத் திரும்புகிறேன்.

மாயாண்டி அண்ணன் வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. இனி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நாளைக்கு நீ மேலே போறியாமே?"

"ஆமாண்ணே."

"எனக்காக ஒரு தழை வெச்சுரு. இத்தனை வருசம் வெச்ச கை, சொல்லாமக் கொள்ளாம நிப்பாட்டுனா நல்லாருக்காது."

நான் யோசித்தேன். தபால்காரர் கடிதத்தை நம்ப வேண்டியதில்லை. கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும்.

"வெச்சிர்றேண்ணே."

"அப்படியே உனக்கும் ஒண்ணு."

"அண்ணே..."

"நீ வெக்கவேண்டாம்ப்பா. நான் வெக்கிறேன். கைதானே உன் கை?"

ஆறாம் வகுப்பு பாதியில் விட்டவனுக்கு இதெல்லாம் சொல்லித்தரவில்லை. டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

புதன்கிழமை காலை கூட்டத்தோடு போய்க் கல்லின் முன்னால் நின்றேன். தழை ஒடித்தேன். ராவுத்தர் பிஸ்மியைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"என்னப்பா, கெடைச்சிருச்சா?"

"இல்ல பாய். மாயாண்டி அண்ணே குடுத்துவிட்டது."

இரண்டு தழை வைத்தேன். இரண்டும் மாயாண்டி அண்ணனுடையவை. கல்லுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது... எனக்குத் தெரியும்.