கடைசி இருநூறு மீட்டர்

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமத்துக்கு நான் தலைமையாசிரியராகப் போனபோது மிராசுதாருக்கும் கூலிக்காரர்களுக்கும் அறுவடைக் கூலிச் சண்டை உச்சத்தில் இருந்தது. கல்லூரியில் எண்ணூறு மீட்டர் ஓடியவன் நான். விடிந்ததும் வாய்க்கால் கரையோடு ஊரைச் சுற்றி ஓடுவேன். கடைசி இருநூறு மீட்டரில் வேகமெடுப்பது ஓட்டக்காரர்களான எங்கள் பழக்கம். அந்த இருநூறு மீட்டர் கூலிக்காரர் தெருவை ஒட்டி வந்து தொலைத்தது.

"அவங்களுக்கு என்ன சேதி கொண்டு போறீங்க?" என்றார் மிராசுதார்.

"எங்க தெருவக் கண்டா மட்டும் ஏன் சார் இப்படி ஓடுறீங்க?" என்றார் கூலிக்காரர் சங்கத் தலைவர்.

விளக்கிச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. எரிச்சலில் மறுநாள் எதிர்த்திசையில் ஓடினேன். இப்போது வேகமெடுத்த இடம் மிராசுதார் வீட்டு வாசல்.

"சார் கட்சி மாறிட்டாரு" என்று இரண்டு தரப்பும் சொன்னது. அந்த அறுவடை முழுக்க அவர்கள் ஒத்துப்போனது இது ஒன்றில்தான்.