கம்பளிப்பூச்சிக்கு முகம் ஒட்டியவள்

போன மாதம் வரை நான் கம்பளிப்பூச்சிகளுக்கு முகம் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது. இங்கிலாந்தில் பிறந்தநாளென்றால் கம்பளிப்பூச்சி வடிவத்தில் ஒரு சாக்லேட் கேக் வாங்குவார்கள். உருட்டிய உடம்பு, முதுகில் வண்ண மிட்டாய்ப் பொட்டுகள், குட்டிக் குட்டிக் கால்கள். ஃபாக்டரியில் அது பெல்ட்டில் என் முன்னால் வரும்போது முகம் மட்டும் இருக்காது. கண்ணும் சிரிப்புமாக இருக்கும் வெள்ளைச் சாக்லேட் வில்லையை எடுத்து நான் அழுத்த வேண்டும். நாமெல்லாம் முருங்கை மரத்தடிக்குப் போகவே பயந்தவர்கள். இங்கே அதன் தலை யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள். முதல் வாரம் வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது அந்தச் சிரித்த முகத்தைக் கடையில் கண்டாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

என் பக்கத்தில் நின்று வேலை செய்தவள் அனா, ருமேனியாக்காரி. ஒருநாள் அவள் கை பெல்ட்டில் மாட்டி இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. பெல்ட்டுக்கு மேல் ஒரு மூடி உண்டு. அது அடிக்கடி பெல்ட்டை நிறுத்துகிறது என்று அன்று காலை சூப்பர்வைசர் கெவின்தான் அதைக் கழற்றி வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் அனாவுக்கு அனுப்ப ஒரு கம்பளிப்பூச்சி கேக். பக்கத்தில், சீக்கிரம் குணமாக வேண்டுமென்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை. அதற்கடியில் இன்னொரு தாள். “ஜஸ்ட் சைன், மேரி,” என்றார். என் பெயர் மாரி. நான் தாளைப் படித்தேன். மூடியை அனாவே திறந்ததாகவும், நான் அதைக் கண்ணால் பார்த்ததாகவும் எழுதியிருந்தது. “நோ,” என்றேன். எனக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு சொல்லாக உரக்கச் சொன்னார். கேக்கைக் காட்டினார். அதில் ஒரு துண்டு கிடைத்தால் கையெழுத்துப் போட்டுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

என் கண்ணுக்கு அந்தக் கேக் தெரியவில்லை. ஊரில், விஸ்வநத்தத்தில், எங்கள் வீட்டு வாசலில் ஒரு பொட்டலம் தெரிந்தது. அக்கா செல்வி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் எனக்கு ஜவ்வு மிட்டாய் வாங்கித் தருவாள். மிட்டாய்க்காரர் அதை இழுத்து முறுக்கி என் கையில் மயில் ஒட்டிவிடுவார், அவள் கையில் தேள். எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது கம்பெனியில் பட்டாசு மருந்து தீப்பிடித்து அவளுடைய அந்தக் கை வெந்துபோனது. மறுநாள் கம்பெனி போர்மேன் பாகு ஊறிய காகிதத்தில் கருப்பட்டி மிட்டாயோடு வந்தார்.

“ஆத்தா, பயப்படாதீக. ஆசுபத்திரிச் செலவ கம்பெனி பாத்துக்கிடும். யாரு கேட்டாலும் வீட்ல ஸ்டவ் வெடிச்சிருச்சுன்னு சொல்லுங்க.”

“சரிங்கய்யா,” என்றாள் அம்மா. பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். கடித்ததும் பாகு வாயெல்லாம் நிறைந்தது.

கெவினிடம் வேறொரு தாள் கேட்டு வாங்கினேன். மூடியைக் கழற்றியது யார், எப்போது, நான் எங்கே நின்றேன் என்று என் கையால் எழுதினேன். எழுத்துப்பிழை இருந்திருக்கும். அதை போனில் படமெடுத்து அனாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் கெவினிடம் கொடுத்தேன். அவளுடைய வக்கீலிடம் இப்போது இருப்பது அந்தப் படம். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டார்கள். என்னைப் பெல்ட்டிலிருந்து தூக்கிப் பேக்கிங்கில் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எழுதிக் குடுத்துட்டயாக்கும். நல்லதுதான். ஆனா அங்கன இருந்துக்கிட்டு அம்மா மேல கோவப்படாத. அன்னைக்கு ஸ்டவ்வுன்னு சொல்லலைன்னா ஆசுபத்திரிக்கு யாரு குடுத்திருப்பா?”

“அம்மா மேல இல்லக்கா.”

“பெறகு யாரு மேல?”

“அந்த மிட்டாய நான் ரெண்டு தடவ கேட்டு வாங்கித் தின்னேன்க்கா.”

அவள் சிரித்துவிட்டாள். “ஏய் கிறுக்கி, நானுந்தான் தின்னேன். நல்லாத்தான இருந்துச்சு?”

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. அவள் கோபப்பட்டிருக்கலாம். போர்மேனைத் திட்டியிருக்கலாம், என்னையாவது திட்டியிருக்கலாம். அவளுக்காகவும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது, அதுவும் இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு.

பேக்கிங்கில் கேக்குக்கு அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தெருப் பிள்ளைகளோடு கம்பி மத்தாப்புப் பெட்டி மடித்த கை எனக்கு. மூன்று மடிப்பு, ஒரு அழுத்து. அட்டையைப் பார்க்கவே வேண்டாம். பேக்கிங் சூப்பர்வைசரம்மா நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாள். “அட் ஹோம்,” என்றேன். நான் சொன்னது ஊரை. அவள் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே நான் வாடகைக்கு இருக்கும் வீட்டை நினைத்துக்கொண்டாள். அந்தச் சின்ன இடத்தில் இத்தனை பெட்டிகளை எங்கே வைக்கிறாய் என்று கேட்டுச் சிரித்தாள். அவளைத் திருத்த வாயெடுத்தேன். எது ஹோம் என்று சொல்வதற்குள் அடுத்த அட்டை வந்துவிட்டது.