எக்ஸ்ரே டீச்சர்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு பெட்டி விளையாட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் போட்டுப் பார்த்தது. குழாய் நான் லேத்தில் கடைந்து கொடுத்தது. சின்னக் குழந்தையின் தொண்டைக்குக் கணக்காக விட்டம். எந்தச் சாமான் அதற்குள் முழுதாக இறங்குகிறதோ அது குழந்தையின் வாய்க்குள் போனால் அடைத்துக்கொள்ளும். அதை வகுப்பறைக்குள் விடக் கூடாது. பயிற்சியில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

அப்பா முதலில் குழாயைத்தான் சந்தேகப்பட்டார்.

"அளவு சரியா இருக்கா?"

"வெர்னியர் வச்சுப் பார்த்துட்டேன்பா."

"உன் வெர்னியர் சரியா?"

"அதுக்கு சர்டிஃபிகேட் இருக்கு."

"குடுத்தவன் யாரு?"

நான் லிஃப்ட் பழுது பார்க்கும் டெக்னீஷியன். என் தொழிலிலும் அது நியாயமான கேள்விதான். அவர் கண்ணெதிரே மறுபடி அளந்து காட்டினேன். பிறகு ஒரு துணிக்கரடியின் கண்ணைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து இழுத்தார்.

"கண்ணு ஆடுது."

"நீங்க இழுக்கிற இழுப்புக்கு என் கண்ணே வந்துடும்."

"உன் கண்ணை யாரும் வாயில போடப் போறதில்லை."

கரடி தோற்றது. ஊதல் ஒன்று தோற்றது. மற்றவற்றைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினோம். அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் குளியலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

அவர் படித்துக்கொண்டிருந்தது சின்னக் குழந்தைகளுக்கு ஆசிரியராவதற்கு. அவருடைய வயதையும் பழைய வேலையையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு கணம் என்னை உற்றுப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எங்கள் வீட்டுக்குப் பழகிப்போனது.

பழைய வேலை, உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் சோதனை. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களின் பை, பாக்கெட், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் வெளியே விடுவார். தொழிலாளர்கள் வைத்த பெயர் எக்ஸ்ரே. "காலையில என்ன சாப்பிட்டேன்னு மறந்துபோச்சு, எக்ஸ்ரேகிட்ட கேட்டுச் சொல்லு" என்று அவர் காதுபடவே பேசிக்கொள்வார்களாம். அப்பா சிரிக்க மாட்டார். சிரித்தால் கவனம் போய்விடும் என்பார். வீட்டிலும் அதே ஆள்தான். பால் பாக்கெட்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பூட்டிய பூட்டைத் தொங்கிப் பார்ப்பார். மாத்திரைப் பட்டையின் தேதியைப் படித்துவிட்டு, அச்சடித்தவனையும் நம்ப மாட்டார்.

தொழிற்சாலை மூடப்பட்டது. வேலை போனவர்களுக்கு இலவசமாக வேறு தொழில் கற்றுத்தரும் திட்டம் ஒன்று வந்தது. அப்பா எதில் சேர்ந்தார் என்பதை அம்மாதான் எனக்குப் போனில் சொன்னாள்.

"வெல்டிங் இருக்காம், ஏசி மெக்கானிக் இருக்காம், தையல்கூட இருக்காம். உங்கப்பாவுக்குச் சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் கேக்குது. யாரோ ஏதோ மருந்து வச்சுட்டாங்கன்னு நினைக்கிறேன்."

ஏன் என்று நானே அப்பாவிடம் கேட்டேன்.

"அந்தப் பக்கம் நடந்து போனேன். ஒரு பள்ளிக்கூடத்துல கேட் சும்மா சாத்தியிருந்துச்சு. கொக்கி போடல. எதிர்க்கடையில நின்னு பார்த்தேன். ரொம்ப நேரம் யாரும் வந்து போடவேயில்லை."

"அப்புறம்?"

"கடைக்காரன் வந்து, யாருய்யா நீ, இங்க எதுக்கு நிக்கிறேன்னு கேட்டான். நல்ல ஆளு."

இது ஒரு காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு காரணம் இருந்திருக்கலாம் என்று இன்றும் சந்தேகம். அவர் சொன்னது இது ஒன்றுதான்.

வகுப்பில் அப்பாவைத் தவிர எல்லோரும் இளம்பெண்கள். முதல் நாள் அவரை எலக்ட்ரீஷியன் என்று நினைத்து, ஓடாத ஃபேனைக் காட்டினார்களாம். அப்பா ஸ்டூல் போட்டு ஏறி அதைச் சரிசெய்து, கையைக் கழுவிவிட்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

களிமண் பிசையக் கற்றார். கைவீசிப் பாடும் பாட்டுகளைக் கண்ணாடி முன் நின்று பழகினார். "எதிர்வீட்டுக்கு ஏதோ சைகை காட்டுறார்னு நினைக்கப் போறாங்க, திரையை இழுத்து விடுங்க" என்பாள் அம்மா. குழந்தையைக் கவனித்து எழுதும் பாடம் ஒன்று இருந்தது. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், ஊகம் கூடாது. அப்பாவுக்குக் கைவந்த கலை. அவர் எழுதிய முதல் குறிப்பு: 'மஞ்சள் சட்டை அணிந்த நபர் மேசைக்கு அடியில் நுழைந்தார். கையில் பொருள் இருந்தது. விசாரித்ததில் பதில் இல்லை.' பயிற்சியாளர் 'நபர்' என்பதைச் சுழித்து 'குழந்தை' என்று திருத்தியிருந்தார். மீதிக்கு முழு மதிப்பெண்.

கடைசிக் கட்டம் செய்முறைப் பயிற்சி. நிஜமான ஒரு மழலையர் பள்ளியில் சில மாதங்கள் வேலை பார்க்க வேண்டும். அதன் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். பொறுப்பாளரைக் குழந்தைகள் பெரிய டீச்சர் என்பார்கள். என்னைவிடச் சின்னவர்.

சேர்ந்த சில நாட்களிலேயே அது நடந்தது. வீட்டுக்குப் போகும் நேரம். குழந்தைகள் ஒவ்வொருவராகக் கதவை நோக்கி வந்தார்கள். அப்பா கதவருகே நின்றார். வாசல், வெளியே போகும் கூட்டம், கையில் பை. அவர் கை அதுவாக நீண்டிருக்கிறது. குழந்தைகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவர் சட்டைப் பையையும் சோதித்தார். அவர்கள் புதுவிளையாட்டு என்று நினைத்துக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருவனிடம் இரண்டு கார்ச் சக்கரம் கிடைத்தது. இன்னொருவனிடம் ஈரக் களிமண். கடைசியாக நின்ற பெண்ணிடம் ஒரு மரமாட்டுப் பொம்மை.

அந்தப் பெண்ணின் அம்மா அப்போது உள்ளே வந்தார். பஸ் கண்டக்டர். காக்கிச் சீருடை, தோளில் பணப்பை. மகளைச் சுண்டெலி என்று கூப்பிடுவார். அவர் பார்த்தது, முன்பின் தெரியாத ஒரு வயதான ஆளின் கை தன் மகளின் பாக்கெட்டுக்குள் இருந்ததை.

"கையை எடு" என்றார். சத்தம்கூட உயரவில்லை.

பெரிய டீச்சரின் அறையில் அப்பா தன் பழைய வேலையைச் சொன்னார். பழக்கதோஷம் என்றார்.

"எத்தனை வருஷம் வேணா செக் பண்ணியிருக்கட்டும்" என்றார் கண்டக்டர். "நானும் தினமும் ஆளைத்தான் பார்க்கிறேன். ரொம்ப மரியாதையாப் பேசுறவன்தான் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான்."

அவர் போன பிறகு பெரிய டீச்சர் சொன்னார்: "ஐயா, இங்க இருந்து ஒரு சாமான் பாக்கெட்ல போச்சுன்னா, நாளைக்கு அதுவே அவங்களைத் திரும்பக் கூட்டிட்டு வரும். அழாம வருவாங்க. அதனால நாங்க பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுடுவோம்."

அப்பா யோசித்திருக்கிறார். "அப்ப நான் புடிச்சுக் குடுத்த ஆளுங்கல்லாம்?"

"அவங்க பெரியவங்க ஐயா."

"அவங்களும் மறுநாள் வந்தாங்கதான்."

பெரிய டீச்சர் சிரித்துவிட்டார். ஆனால் முடிவில் சிரிப்பில்லை. அப்பா எந்தக் குழந்தையோடும் தனியாக இருக்கக் கூடாது. பயிற்சி முடியும்போது அந்தக் கண்டக்டர் சம்மதித்தால்தான் கையெழுத்து. சம்மதிக்காவிட்டால் சான்றிதழ் இல்லை. இதற்குப் பிறகு எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது. அப்பா சரி என்றார். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார். தான் ஜன்னலுக்கு நேராகவே உட்காருவதாகவும் சொன்னார்.

வீட்டில் அம்மா கொதித்தாள். "வாழ்நாள் பூரா ஒரு ஸ்க்ரூவைக்கூட எடுத்துட்டு வராத மனுஷன். உங்களைப் போய்த் திருடன் மாதிரி."

"திருடனைவிட மோசமா நினைக்கிறா. அதான் சரி."

"என்ன சரி?"

"நான் அந்தப் பொம்பளை இடத்துல இருந்தா என்னை உள்ளேயே விட்டிருக்க மாட்டேன்."

சொன்னாரே தவிர, அதற்குப் பிறகு பல நாள் கண்ணாடி முன் நின்று பாடவில்லை. அம்மா திரையை இழுத்து வைத்துவிட்டுக் காத்திருந்ததை நான் பார்த்தேன்.

கண்டக்டர் விடவில்லை. விடுமுறை நாளில் பள்ளி ஜன்னலோரம் வந்து நிற்பார். வேலை நாளில் அந்தத் தெருவைக் கடக்கும்போது பஸ் ஊர்ந்து போகும். படிக்கட்டில் நின்றபடி அவர் உள்ளே பார்ப்பார். அப்பாவும் பார்ப்பார். ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டே மாதங்கள் போயின. சுண்டெலிக்கு மட்டும் இது எதுவும் தெரியாது. அவள் மரமாட்டை எடுத்துவந்து அப்பாவின் பாக்கெட்டில் போட்டுவிட்டு, சோதனை போடச் சொல்லித் தொல்லை செய்வாளாம். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீயே எடுத்துக்கோ" என்பாராம்.

பயிற்சி முடிய இருந்த வாரம், ஒரு பஸ் டிரைவர் பள்ளிக்கு வந்தார். கண்டக்டரோடு அதே வண்டியில் வேலை பார்ப்பவர். மற்ற டீச்சர்கள் உள்ளே இருக்க, கதவில் அப்பா.

"சுண்டெலியைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அவங்கம்மாவுக்கு டிப்போல வேலை."

குழந்தை "மாமா" என்று ஓடிவந்தது. யார் யார் குழந்தையை அழைத்துப் போகலாம் என்று பெற்றோர் எழுதிக்கொடுப்பது அங்கே வழக்கம். சுண்டெலியின் தாளில் ஒரே பெயர்தான், அவள் அம்மா.

"உங்க பேர் இல்லை" என்றார் அப்பா.

"பிள்ளையே மாமாங்குது. போட்டோ காட்டவா? நாங்க எல்லாம் சேர்ந்து எடுத்தது."

"போட்டோ நல்லா இருக்கு. உக்காருங்க. தண்ணி தரச் சொல்றேன்."

"யோவ், நீ என்ன பெரிய ஜட்ஜா?"

"இல்லை. இங்க பழகிட்டு இருக்கேன்."

டிரைவர் கத்தினார். சுண்டெலி அழுதாள். அப்பா அவளை உள்ளே இருந்த டீச்சரிடம் அனுப்பிவிட்டு, கொக்கியைப் போட்டுக்கொண்டு நின்றார். டிரைவர் களைத்துப்போய் வெளியே திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "போதுமாம்மா? எனக்குத் தொண்டை போச்சு."

மதில் ஓரத்திலிருந்து கண்டக்டர் வந்தார். அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நான்தான் அனுப்பினேன்."

"தெரியலை. ஆனா ஒரு தடவை போதாது" என்றார் அப்பா. "இன்னிக்கு நீங்க அனுப்பியிருப்பீங்கன்னு நான் உஷாரா இருந்திருக்கலாம். நான் மறந்திருக்கிற நாளாப் பார்த்து இன்னொரு ஆளை அனுப்புங்க."

அதன் பிறகு அந்த வாரத்திலேயே வெவ்வேறு ஆட்களாக இரண்டு முறை அனுப்பினாராம். பின்னால் அவரே என்னிடம் சொன்னார். இரண்டு பேருக்கும் தண்ணீர் கிடைத்தது, குழந்தை கிடைக்கவில்லை.

பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் அதே பள்ளியில் உதவி ஆசிரியராகச் சேரச் சொன்னார். அப்பா அந்தக் கையெழுத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்று சாயங்காலம் கண்ணாடி முன் பாட்டு மறுபடி தொடங்கியது. கை கொஞ்சம் வேகமாகவே வீசியது.

சனிக்கிழமை கண்டக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே அப்பாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க அது? குசுகுசுன்னு என்ன பேச்சு?"

"சுண்டெலி அம்மா."

"உங்களைப் படாதபாடு படுத்தினாளே, அவளா? இப்ப என்ன வேணுமாம்?"

"திங்கக்கிழமை அவளுக்கு டியூட்டி முடிய லேட் ஆகுமாம். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிட்டு டிப்போவுக்கு வரச் சொல்றா. என் பேரை எழுதிக் குடுத்துட்டாளாம்."

"அவ புருஷன் பேரு?"

"எழுதலை."

"அண்ணன் தம்பி?"

"யாரையும் எழுதலை. என்னை மட்டும்தான்."

அப்பா பள்ளியிலிருந்து டிப்போவுக்கு எந்த வழியாகப் போவது என்று என்னிடம் கேட்டார். பெரிய ரோட்டில் போகலாம் என்றேன். ரோடு கடக்க வேண்டும், வேண்டாம் என்றார். பின்தெருவில் ஒரு நாய் இருக்கிறது, அதன் மேல் தனக்குச் சந்தேகம் இருக்கிறது என்றார். நேரில் நடந்து பார்த்துவிட்டு வந்து, பின்தெருவே மேல், நாய் கிழடு என்றார்.

திங்கட்கிழமை காலையில் அவர் போய்விட்டார்.

மத்தியானத்துக்கு மேல் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அப்பாவின் போன் என் கையில் இருந்தது. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் அதிலிருந்துதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளியின் நினைவே வரவில்லை. அது ஒலித்தது. பெரிய டீச்சர்.

"ஐயா, கிளம்பிட்டீங்களா? சுண்டெலி செருப்பு மாட்டிக்கிட்டு கதவுகிட்ட வந்து உக்காந்துட்டா. உள்ள வரவே மாட்டேங்கிறா."

யார் பேசுகிறேன் என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அவரிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"நான் வந்து கூட்டிட்டுப் போய் டிப்போல விடட்டுமா?" என்றேன்.

"நீங்க எப்படிம்மா இப்ப. அதுவும் இல்லாம..." நிறுத்தினார். "உங்க பேர் எழுதலையே. உங்ககிட்ட குடுத்தா ஐயா ஒத்துக்குவாரா?"

ஒத்துக்கொள்ள மாட்டார். அதை நான் சொன்னேன்.

சுண்டெலியின் அம்மா வேலை முடிந்து தானே வரும்வரை குழந்தை அங்கேயே இருந்தது. பின்தெரு வழியாக அவளை டிப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வேலையை அப்பா செய்யவில்லை.