சாமிக்கு ஒதுக்கிய சீட்டு

எங்களை ஏலத்தோட்டத்து வேலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் டிரைவருக்கு மூக்கில் நிற்காத கண்ணாடி. யார் திட்டினாலும் மாறாத ஒரே முகம். பின்னால் பதினாலு பெண்கள் மடிமேல் மடியாக நெருக்கியடித்தாலும், தன் பக்கத்து சீட்டில் யாரையும் உட்காரவிட மாட்டார். தினமும் அதைத் துடைத்துப் பூ வைப்பார். "அது சாமிக்கு" என்பார்.

"உங்க சாமி கொஞ்சம் தள்ளி உக்காந்தா நானும் ஒட்டிக்குவேன்லண்ணே?" என்று ஒருத்தி கேலி பேசுவாள்.

ஒரு மழை நாள் சாயங்காலம், எங்களோடு தோட்டத்துக்கு வந்திருந்த என் மகளுக்கு நாள் முந்தியே பிரசவ வலி கண்டது. ஆஸ்பத்திரிக்கு மலையிறங்க வேண்டும். அந்த ஜீப்பைத் தவிர வேறு வண்டி இல்லை. எல்லார் மடியிலும் அவளைக் கிடத்தினோம். பாதி வழியில் பிள்ளையின் கால் முதலில் வந்துவிட்டது. டிரைவர் பக்கம் எட்டிக் கத்தினேன்.

"தம்பி, பிள்ளை பிழைக்காது போலயே."

"சாமி முன்னாலதான யக்கா இருக்கு."

கம்பம்மெட்டில் குடையோடு ஒரு அம்மா கைநீட்டினார். என்றைக்கும் நிறுத்தாதவர் நிறுத்தி, அவரை முன்னால் ஏற்றினார். அந்த அம்மா முனகல் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டியை ஓரங்கட்டுங்க. நான் நர்ஸ்."

பேத்தி அழுத பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "இன்னைக்கு மட்டும் ஏன் தம்பி நிறுத்துனீங்க?"

"சாமி எந்திரிச்சு இடம் குடுத்துச்சு" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

பேத்திக்கு இப்போது ஆறு வயது. போன வாரம் முன் சீட்டுதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவள் பிறந்ததே இந்த ஜீப்பில்தானே என்று டிரைவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"பின்னாலதான யக்கா பிறந்தா?" என்றார்.