ஷெல்பியின் பல்லும் பச்சைக் கட்டமும்

ஸ்கெல்பரோ நகர மன்றத்தில் குழந்தைகள் நலக் கண்காணிப்புக் குழு என்றால் எந்தக் கவுன்சிலருக்கும் வேப்பங்காய்தான். சாலைக் குழுவில் இருந்தால் பள்ளத்தை அடைத்த படத்தைத் தேர்தல் நோட்டீசில் போட்டுக்கொள்ளலாம். கட்டட அனுமதிக் குழுவில் இருந்தால் நாலு பேர் தேடி வந்து பேசுவார்கள். இந்தக் குழுவில் இருந்தால் கூட்டத்துக்குக் கூட்டம் முந்நூறு பக்கத் தாள்தான் வீடு வந்து சேரும். அதனால்தான் கட்சிக்காரர்கள் அதைப் புதிதாக ஜெயித்து வந்த கிளெனிஸ் ஹார்டாப்பின் தலையில் கட்டினார்கள்.

"நீங்கதான் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தவங்களாச்சே. குழந்தைங்க விஷயம் உங்களுக்குத் தெரியாததா?" என்றார் குழுத் தலைவர் நெவில் பார்ட்டிங்டன்.

பள்ளிக்கூடத்தில் கிளெனிஸ் பார்த்தது சமையலறை வேலை. இருபத்தாறு வருஷம் கரண்டி பிடித்தவள். பதினாலாம் நம்பர் பேருந்தை நிறுத்திவிட்டார்கள் என்ற கோபத்தில் தேர்தலில் நின்றாள். ஜெயிப்போம் என்று அவளும் நினைக்கவில்லை, கூரை வேலை செய்து ஓய்வுபெற்ற அவள் கணவன் கிளிஃபும் நினைக்கவில்லை.

அவள் வருவதற்கு முந்தைய வருஷம் அரசாங்க ஆய்வாளர்கள் வந்து, நகரின் குழந்தைகள் நலத்துறையைப் பார்த்துவிட்டு "போதாது" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அதைவிடக் கீழே வேறு மதிப்பெண் கிடையாது. உடனே முன்னேற்றத் திட்டம் வந்தது, அதற்கொரு வாரியம் வந்தது, வெளியூர் ஆலோசகர் வந்தார், ஜூலியட் மார்ச்பேங்க் என்று புது இயக்குநரும் வந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழுவுக்கு அறிக்கை. அறிக்கையில் வண்ணக் கட்டங்கள்: சிவப்பு மோசம், மஞ்சள் பரவாயில்லை, பச்சை நன்று.

முதல் நாள் பயிற்சியில் ஒரு அதிகாரி சொன்ன வாக்கியம் கிளெனிஸுக்குள் தங்கிவிட்டது. "பெத்தவங்ககிட்டேர்ந்து எடுத்து வளர்க்குற முந்நூத்தித் தொண்ணூறு பிள்ளைங்க இந்த ஊர்ல இருக்காங்க. சட்டப்படி அவங்களுக்கு அப்பா அம்மா இந்த மன்றம்தான். அதாவது, நீங்க." மற்றவர்கள் தலையாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். கிளெனிஸ் வீட்டுக்கு வந்து, "கிளிஃப், நமக்கு முந்நூத்தித் தொண்ணூறு பிள்ளையாம்" என்றாள். அவளுக்குச் சொந்தத்தில் பிள்ளை கிடையாது.

ஜனவரிக் கூட்டத்தில் ஒரு கட்டம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியிருந்தது. சமூகப் பணியாளர்கள் குறித்த காலத்துக்குள் குழந்தைகளைப் போய்ப் பார்ப்பது நூற்றுக்கு ஐம்பத்தெட்டாக இருந்து தொண்ணூற்று மூன்றாக ஏறியிருந்தது. நெவில் நன்றித் தீர்மானம் கொண்டுவந்தார். ஒன்பது கையும் மேலே போயின. அதில் ஒன்று கிளெனிஸுடையது. மனசு நிறைந்து தட்டிலிருந்து இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, நூலகத்தின் பின்னறையில் அவள் தொகுதி மக்களைச் சந்திப்பது வழக்கம். குப்பைத்தொட்டி, நாய்க் கழிவு, பக்கத்து வீட்டு மரம் என்று புகார்கள் வரும். மார்ச் மாதச் சனிக்கிழமையில் டெனிஸ் கால்வர்ட் வந்தாள். பதினாறு வருஷமாக வளர்ப்புத்தாய். பத்தொன்பது பிள்ளைகள் அவள் வீட்டில் இருந்து போயிருந்தார்கள். கூட வந்த பதினோரு வயது ஷெல்பி மூக்கு வரை மஃப்ளரைச் சுற்றியிருந்தாள்.

"ஹீட்டர் இந்தக் கொதி கொதிக்குது. எதுக்கு கண்ணு மஃப்ளர்?"

கிளெனிஸ் கேட்டதும் ஷெல்பி சுவரைப் பார்த்தாள்.

"வாய் நாறுதுன்னு கிளாஸ்ல யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்குறாங்களாம்," என்றாள் டெனிஸ். "காட்டும்மா. இவங்க கவுன்சிலரு. பார்க்கட்டும்."

ஷெல்பி மஃப்ளரை இறக்கி வாயைத் திறந்தாள். கீழ் வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று கரியாய்க் கிடந்தது. அடுத்ததில் பாதியைக் காணோம். ஈறில் சீழ் கோத்துக்கொண்டு நின்றது. கோடை விடுமுறை முடிந்து பூட்டிய சமையலறையைத் திறந்து, மறந்துபோன பால் பெட்டியைத் தூக்கி எறிந்தவள் கிளெனிஸ். நாற்றம் அவளுக்குப் புதிதல்ல. இருந்தும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை நாள் என்னம்மா பண்ணுனீங்க?" என்றாள் கொஞ்சம் கடுமையாகவே.

டெனிஸுக்குச் சுருக்கென்றது. "என்ன பண்ணுனேனா? நவம்பர்லயே பல் டாக்டர் சொல்லிட்டாரு, ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்துத்தான் பிடுங்கணும்னு. அதுக்குப் பெத்தவங்க கையெழுத்து வேணும். அம்மாக்காரி எங்க இருக்கான்னு தெரியாது. நான் வளக்குறவதான், என் கையெழுத்து செல்லாதாம். உங்க ஆபீஸ்தான் போடணும். ஃபாரத்தை மூணு தடவ அனுப்பிட்டேன். அதுக்குள்ள நாலு வொர்க்கர் மாறியாச்சு. கடைசியா வந்தவ மூஞ்சியைக்கூட நாங்க பார்க்கல. இந்தாங்க, இதைப் பாருங்க."

கைப்பையிலிருந்து ஏழு அட்டைகளை எடுத்து மேசையில் போட்டாள். ஒவ்வொன்றிலும் அதே அச்சு வாசகம்: நாங்கள் வந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை, தொடர்பு கொள்ளவும். கீழே தேதியும் நேரமும் பேனாவால் எழுதியிருந்தன. செவ்வாய், காலை பதினொன்று. வியாழன், காலை பத்தரை.

"பதினோரு மணிக்கு நான் வேலைக்குப் போயிருப்பேன், பிள்ளை ஸ்கூல்ல இருக்கும்னு தெரு நாய்க்கும் தெரியும். ஆஸ்பத்திரியில ரெண்டு தடவ நாள் குடுத்து, கையெழுத்து இல்லாம ரெண்டும் போச்சு."

திங்கட்கிழமை கிளெனிஸ் துறைக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் இனிமையாகப் பேசினாள். "ஷெல்பியோட ஃபைலைப் பார்க்குறேங்க. ஏழு விசிட்டும் டைமுக்கு முடிஞ்சிருக்கே! ஒண்ணும் பாக்கி இல்ல." ஃபாரத்தைப் பற்றிக் கேட்டதற்கு, புதுப் பணியாளர் வந்ததும் பார்ப்பார் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கிளெனிஸ் நாலு மின்னஞ்சல் எழுதினாள். நாலுக்கும் வந்தது ஒரே பதில்: உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.

"ஏழு தடவ பார்த்திருக்காங்களாம்," என்றாள் அந்தத் திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில். "நான் அதுக்குத்தான் கை தூக்குனேன் கிளிஃப். நன்றின்னு வேற சொன்னேன்."

கிளிஃப் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "பச்சைக் கட்டம்னு நீ சொன்னப்பவே நினைச்சேன். பச்சைப் பொய்."

மார்ச் கடைசியில் அடுத்த கூட்டம் கூடியது. தொண்ணூற்று மூன்று இப்போது தொண்ணூற்றைந்தாகியிருந்தது. ஜூலியட் திரையில் அதைக் காட்டி, "இது எங்க குழுவோட கூட்டு முயற்சிக்குக் கிடைச்ச பலன்" என்றாள். கிளெனிஸ் கை தூக்கினாள்.

"ஒரு சின்னக் கேள்விங்க. பார்த்ததுன்னா என்ன?"

"சந்திப்போட தரம் பத்தின எங்க புரிதல் தொடர்ந்து மேம்பட்டுக்கிட்டே வருது, கவுன்சிலர்."

"தரத்தைக் கேக்கலம்மா. பணியாளர் போய்க் கதவைத் தட்டுறாரு. யாருமில்ல. அட்டையைப் போட்டுட்டு வந்துடுறாரு. அது என்ன கலரு?"

ஜூலியட் தாளைப் புரட்டினாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கெய்த் என்ற புள்ளிவிவர அதிகாரிக்கு மன்றத்து அரசியல் எதுவும் தெரியாது. யாராவது கணக்குக் கேட்டால் கணக்குச் சொல்வார். அவர் எழுந்து, "பச்சைங்க," என்றார். "போய் முயற்சி பண்ணினாலே முடிஞ்சதா ஏத்திக்கலாம்னு செப்டம்பர்லயே விதியை மாத்திட்டோமே."

ஜூலியட் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"இருபத்தாறு வருஷம் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போட்டவ நான்," என்றாள் கிளெனிஸ். "வெறும் மேசையில தட்டை வச்சுட்டுப் பிள்ளை சாப்பிட்டாச்சுன்னு எழுதியிருந்தா, அன்னைக்கே என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பாங்க. நீங்க அதையே பண்ணிட்டு முன்னேற்றம்கிறீங்க."

"கவுன்சிலர் ஹார்டாப், தனிப்பட்ட குழந்தைங்க விவகாரத்தை இங்க..." என்று நெவில் இழுத்தார்.

"நான் எந்தப் பிள்ளை பேரையும் சொல்லலியே. பேரில்லாம ஒரு பல்லைப் பத்தி மட்டும் சொல்றேன்."

சொன்னாள். கரி, சீழ், நாற்றம், மஃப்ளர் எதையும் விடவில்லை. எதிரே இருந்தவர் பாதி கடித்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டார். நெவில் உடனே இது இரகசியப் பொருள் என்று அறிவித்துப் பார்வையாளர்களை வெளியே போகச் சொன்னார். இருந்ததே இரண்டு பேர்: உள்ளூர்ப் பத்திரிகைக்காரி ஒருத்தி, வெதுவெதுப்புக்காக வந்து உட்காரும் கிழவர் ஒருவர்.

கதவு சாத்தியதும் ஜூலியட் நெஞ்சில் கை வைத்து, "கேக்கவே மனசு கனக்குது. இதுலேர்ந்து நாங்க கத்துக்க வேண்டியது இருக்கு," என்றாள். "எல்லாரும் ராப்பகலா உழைக்கிறாங்க கிளெனிஸ், அவங்க உற்சாகத்தைக் கெடுத்துடாதீங்க," என்றார் நெவில். மற்றவர்கள் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கிளெனிஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அதில் ஒருத்தி ஞாயிறுதோறும் ஏழைகளுக்குச் சூப் ஊற்றுகிறவள். கெட்டவர்களாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். தானும் ஜனவரியில் இதே நாற்காலியில் இதே முகத்தோடுதானே இருந்தோம் என்று நினைத்தபோது, தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

நாலு மணிக்குக் கூட்டம் முடிந்தது. அவள் கார் நிறுத்துமிடத்தை எட்டுவதற்குள் போன் அடித்தது. டெனிஸ்.

"கையெழுத்துப் போட்டாச்சாம்க்கா! இப்பத்தான் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு. யாரோ பெரியவங்களே போட்டாங்களாம்!"

மணி நாலு இருபது. ஐந்து மாதம் நடக்காதது இருபது நிமிஷத்தில் நடந்திருந்தது. "ரொம்ப நல்லதும்மா, பிள்ளைகிட்ட சொல்லு," என்று கிளெனிஸ் போனை வைத்தாள். பிறகு குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள்.

ஷெல்பிக்கு ஏப்ரலில் மூன்று பல் எடுத்தார்கள். நவம்பரில் இரண்டு போதும் என்றிருந்தது. காத்திருந்த மாதங்களில் அடுத்ததற்கும் சீழ் பரவிவிட்டது. மூன்றும் நிலைப்பற்கள், இனி முளைக்காது.

மே மாதம் கணக்கை மறுபடி எடுத்தார்கள். கண்ணால் பார்த்த குழந்தைகளை மட்டும் எண்ணியபோது தொண்ணூற்றைந்து ஐம்பத்தொன்றாக விழுந்தது. பத்திரிகையில் ஒரு நாள் செய்தி வந்தது. அதே மாதம் குழுக்களை மாற்றி அமைத்தபோது, கிளெனிஸைக் கல்லறைத் தோட்டக் குழுவுக்குத் தூக்கிப் போட்டார்கள்.

"உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வா இருக்கட்டுமேன்னுதான்," என்றார் நெவில்.

"செத்தவங்களையாவது சரியா எண்ணுறீங்களா நெவில்? இல்ல, அங்கயும் போய்க் கதவைத் தட்டிட்டு வந்துடுறீங்களா?"

இரகசியத்தை மீறினாள் என்று அவள் மேல் ஒரு புகாரும் போனது. நாலு மாதம் இழுத்து, ஆதாரமில்லை என்று மூடினார்கள். அதற்குள் ஜூலியட் வேறொரு பெரிய நகரத்தில் இன்னும் பெரிய பதவிக்குப் போய்விட்டாள். வழியனுப்பு விழாவுக்கு எல்லாக் கவுன்சிலர்களுக்கும் அழைப்பு வந்தது. கிளெனிஸ் அதை வீட்டுப் பூனை கழிக்கும் மணல் தட்டுக்கு அடியில் விரித்தாள்.

இலையுதிர் காலத்தில் ஆய்வாளர்கள் திரும்ப வந்தார்கள். கிளெனிஸ் கேட்டு வாங்கிக் கால்மணி நேரம் அவர்களிடம் பேசினாள். அட்டைகளின் நகலைக் கொடுத்தாள். துறைக்கு மறுபடியும் "போதாது" என்றே வந்தது. ஆனால் அறிக்கையில் ஒரு வரி மட்டும் நல்லதாக இருந்தது: மன்றம் தன் குறையைத் தானே கண்டுபிடித்து நேர்மையாகக் கணக்கிடத் தொடங்கியிருக்கிறது. முழு மன்றக் கூட்டத்தில் நெவில் அந்த வரியை எழுந்து நின்று வாசித்தார். "எங்க குழுவோட கறாரான கண்காணிப்புக்குக் கிடைச்ச அங்கீகாரம் இது," என்றார். கைதட்டினார்கள். கிளெனிஸ் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டிசம்பரில் மீன் வறுவல் கடை வரிசையில் டெனிஸைப் பார்த்தாள்.

"புதுசா வந்த வொர்க்கர் நல்ல பொண்ணுக்கா," என்றாள் டெனிஸ். "புதன்கிழமை நாலரைக்கு வருவா. நம்ம ஷெல்பி ரூமைப் பூட்டிக்கிட்டு இறங்கவே மாட்டா. அந்தப் பொண்ணு ஒரு மணி நேரம் மாடிப்படியிலயே உக்காந்துட்டு, 'பார்க்க முடியல'ன்னு எழுதிட்டுப் போவா. நாலாவது வாரம் இவளே கதவைத் திறந்து, நீ எத்தனை நாளைக்கு இருப்பேன்னு கேட்டா."

"அதுக்கு என்ன சொன்னா?"

"தெரியலன்னு சொன்னா. பொய் சொல்லல. அன்னைக்குத்தான் இவ கீழ வந்து உக்காந்து பேசுனா."

"இப்ப எப்படி இருக்காங்க ரெண்டு பேரும்?"

டெனிஸ் உப்புப் போட்ட பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். "அவ போயிட்டாக்கா. ஒரு ஆளுக்கு முப்பத்தோரு பிள்ளைன்னா எவதான் தாங்குவா? போன வெள்ளிக்கிழமை கடைசி நாள். நேத்து வேற ஒருத்தி வந்தா. ஷெல்பி அவ பேருகூடக் கேக்கல."

கிளெனிஸ் மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தன் பங்கையும் கிளிஃபிடம் கொடுத்துவிட்டு, மேசையில் தாளை விரித்து, குழந்தைகள் நலக் குழுவின் அடுத்த கூட்டத்தில் பார்வையாளர் இருக்கையிலிருந்து கேட்க வேண்டிய கேள்வியை எழுத உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷம்தான் பேச விடுவார்கள். ஒரு பணியாளருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எழுதி, அதற்கடியில் அழுத்தமாகக் கோடு போட்டாள்.